முழங்கால் இழுத்த பூதம்

எங்கள் பூதப்படத்தை அமெரிக்காவுக்கு எடுக்கப்போகிறார்கள் என்று அண்ணை போன் அடித்துச் சொன்னபோது, நான் ஒரு தண்ணீர்க் குழாய் விளம்பரப் படத்தை வெட்டித் தொகுத்துக்கொண்டிருந்தேன். "அண்ணை, எனக்கு வேலை கிடக்கு, பகிடி விடாதையுங்கோ" என்று வைத்துவிட்டேன். அவர் திரும்ப எடுத்தார். "பகிடி இல்லைப் பிள்ளை, மெய்யாத்தான். அமெரிக்கா எடுக்குது." அமெரிக்க அரசாங்கமே நேரில் வந்து படத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது என்பது போலத்தான் சொன்னார்.

அண்ணை என் கூடப்பிறந்தவர் அல்லர். ஜெர்மனியில் இந்த வுப்பர்டால் நகரத்தில் எங்கள் சனம் முழுவதும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடும், அவரைவிட மூத்தவர்கள் உட்பட. கிழமை நாட்களில் நகரப் பேருந்து ஓட்டுவார், சனி ஞாயிறில் படம் எடுப்பார். அகதி வாழ்க்கையைப் பற்றி அவர் எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் பனி கொட்டும், யாராவது ஒருவர் ஜன்னலோரம் நின்று அழுவார். அத்தனையையும் வெட்டித் தொகுத்தவள் நான் என்பதால் அந்தப் பனியோடும் அழுகையோடும் எனக்கு நெருங்கிய பழக்கம். கடைசியில் அவருக்கே அலுத்துப்போனது. "எவ்வளவு காலத்துக்குப் பிள்ளை அழுறது? இந்தமுறை ஒரு பூதத்தை விட்டுப் பாப்பம்" என்றார். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

கதையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். வுப்பர் ஆற்றங்கரையில் ஒரு மண்டபம், அங்கே ஒரு தமிழ்க் கல்யாணம். எங்கள் ஒலிபெருக்கிக்காரர் போடுகிற சத்தத்தில், ஆற்றின் அடியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்த பூதம் எழும்பிவிடுகிறது. ஆற்றுக்கு மேலே ஓடும் தொங்குரயிலை ஒரு கையால் பிடித்து நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் வந்த பக்கம் நடக்கிறது. மண்டபத்துக்குள் அது நுழையும்போது ஒருவரும் ஓடுவதில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒழுங்குபண்ணிய நிகழ்ச்சி என்று பெண் வீட்டார் நினைக்கிறார்கள், பெண் வீட்டார் ஒழுங்குபண்ணியது என்று மாப்பிள்ளை வீட்டார். கேட்டால் மரியாதை இல்லை என்று இரண்டு பகுதியும் வாயைத் திறப்பதில்லை. வீடியோக்காரர் பூதத்தை மணமக்களுக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கிறார். ஒரு மாமி சோற்றுத் தட்டைக் கையில் கொடுத்து, சாப்பிடாமல் போனால் தனக்குக் கோபம் வரும் என்கிறாள். பூதம் சாப்பிடுகிறது. பிறகு ஆற்றங்கரையோரமாக மெல்ல மெல்ல நடந்து தண்ணீருக்குள் இறங்கிப் போய்விடுகிறது. ஒருவரும் சாவதில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா மட்டும் தன்னை முன்வரிசையில் இருத்தவில்லை என்று கோபித்துக்கொண்டு போகிறார்.

பூதத்தின் உடுப்பைத் தைத்தது மன்னாரிலிருந்து வந்த ஓர் அக்கா. உடுப்புத் திருத்திக் கொடுக்கும் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறார். அறுபதைத் தாண்டியவர், தனி ஆள், ஞாயிறு பூசை தவறவிடாதவர். பழைய மெத்தையும் பச்சைத் திரைச்சீலையும் கொண்டு அவர் செய்த பூதத்தை அண்ணை சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். ஒரேயொரு பிழை. அளவு பார்க்க வேறு ஆள் கிடைக்கவில்லை என்று, தைக்கத் தைக்கத் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்திருக்கிறார். பூதமாக நடிக்க வந்த வாட்டசாட்டமான ஆளுக்கு அது நெஞ்சோடு நின்றுவிட்டது. "இனி என்ன செய்யிறது, நான்தான் பூதம்" என்றார் அக்கா. முகத்தில் கவலையே இல்லை. பிழையாகத் தைத்தாரா, வேண்டுமென்றே தைத்தாரா என்று எனக்கு அன்றைக்கே ஒரு சந்தேகம்.

அக்காவுக்கு இடது முழங்கால் சரியாக மடங்காது. காலை இழுத்து வைப்பார், தோள் ஒரு பக்கம் ஏறி இறங்கும், பிறகுதான் மற்றக் கால் வரும். பூத உடுப்புக்குள் அவர் அப்படி நடந்தபோது வால் எதிர்ப்பக்கம் ஆடியது. படப்பிடிப்பில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கோ அந்த நடை மிகவும் பிடித்துப்போனது, கடைசி ஆற்றங்கரைக் காட்சியில் அதை ஆசையாக வைத்தேன்.

படத்தை லைப்சிக்கில் ஒரு சிறிய விழாவில் காட்டினார்கள். அங்கேதான் அமெரிக்கக் கம்பனி ஒன்றின் கண்ணில் பட்டிருக்கிறது. வெளிநாட்டுப் பூதப்படங்களை வாங்கி, அமெரிக்கர்களுக்கு ஏற்றமாதிரி வெட்டி ஒட்டி, இணையம் வழியாக வீட்டு ரிவித் திரைக்கு விடுவதுதான் அவர்கள் தொழில். வெட்டி ஒட்டுகிற வேலையையும் நானே செய்யவேண்டும் என்பது ஒப்பந்தம். அப்படித்தான் ஒரு பின்னேரம் நானும் அண்ணையும் என் ஸ்டூடியோவில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, கம்பனியின் இளைஞர் ஒருவரோடு வீடியோவில் கதைத்தோம். அவருக்கு அங்கே காலை. தலையில் தொப்பி, கையில் ஒரு பெரிய குவளை, அதற்குள் உறிஞ்சுகுழல். அண்ணை கோட்டும் டையும் கட்டி வந்திருந்தார்.

இளைஞர் முதலில் எங்கள் படத்தை ஆகா ஓகோ என்று புகழ்ந்தார். அண்ணை பூரித்துப்போனார். நான் பூரிக்கவில்லை. வாடிக்கையாளர்கள் இப்படித் தொடங்கினால் பின்னால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும், தண்ணீர்க் குழாய்க்காரரும் இப்படித்தான் தொடங்குவார். வந்தது. ஏன் ஒருவரும் ஓடவில்லை? பூதத்தைக் கண்டால் ஓடவேண்டும். பூதம் ஏன் சோறு சாப்பிடுகிறது? சாப்பாட்டை எடுத்துவிடுங்கள். இராணுவம் எங்கே? இராணுவக் காட்சிகளை நாங்களே அனுப்புகிறோம், நடுவில் போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்கர் ஒருவர்கூட இல்லாவிட்டால் எங்கள் சனத்துக்குப் பிடிமானம் இராது, ஆகவே ஒரு பத்திரிகையாளரைப் புதிதாக எடுத்துச் சேருங்கள். என்ன நடக்கிறது என்று அவர் விளக்கிச் சொல்லட்டும்.

அண்ணை எல்லாவற்றுக்கும் "ஓகே, ஓகே, நோ பிராப்ளம்" என்று தலையாட்டினார். நான் மேசைக்குக் கீழே அவருடைய காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்தி வைத்துக்கொண்டு தலையாட்டினார்.

கடைசியாக இளைஞர் குவளையைக் கீழே வைத்தார். பூதம் நடக்கிற காட்சிகள் ஒன்றும் வேண்டாம் என்றார். நெருக்கத்தில் முகத்தைக் காட்டுங்கள், கையைக் காட்டுங்கள், நடையைக் காட்டாதீர்கள். ஆட்கள் சிரிப்பார்கள். யாரோ ஒரு வயதான ஆன்ட்டி கடைக்குப் போய்வருவது போல இருக்கிறது என்றார். அண்ணையும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

தொடர்பு அறுந்த கையோடு நான் வெடித்தேன். "பூதம் நடக்காமல் என்ன அண்ணை செய்யும்? பறக்குமோ? கல்யாணத்தில் சாப்பாடு இல்லை, பூதத்துக்குக் கால் இல்லை. பிறகு என்னத்துக்கு எங்கட படத்தை வாங்கினவை?" அண்ணை டையைத் தளர்த்தினார். "பிள்ளை, கோவிக்காதை. தமிழ்ப் படம் எங்கட கையில அப்பிடியே இருக்குதுதானே. இது அமெரிக்காவுக்கு வேற. நான் பஸ் ஓட்டுறன். எனக்கு ஒருக்கா அமெரிக்கா போகவேணும், படமாவது போகட்டும்" என்றார். நான் கணினியில் அமெரிக்காவுக்கென்று ஒரு புதுக் கோப்பைத் திறந்தேன்.

ஓட்டப் பிரச்சினை சுகமாகத் தீர்ந்தது. படப்பிடிப்பில் ஒரு நாள், மண்டபத்துக்கு வெளியே பிழையாக நிறுத்திய கார்களை இழுத்துப்போகும் வண்டி வந்துவிட்டது என்று யாரோ கத்த, பட்டுச் சேலையும் வேட்டியுமாகக் கல்யாணக் கூட்டம் அப்படியே வாசலால் பாய்ந்தது. கமரா ஓடிக்கொண்டிருந்தது. நகைநட்டோடு ஒரு மாமி செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற வேகத்தை எந்தப் பூதத்தாலும் உண்டாக்க முடியாது. அந்தத் துண்டை எடுத்து, அதற்கு முன்னால் பூதத்தின் முகத்தைப் போட்டேன். கம்பனி இளைஞர் இவ்வளவு இயல்பான பயத்தைத் தான் கண்டதில்லை என்று எழுதினார்.

அடுத்த நாள் ஒரு காற்சட்டையைக் கட்டையாக்கக் கொடுக்க அக்காவின் கடைக்குப் போனேன். என்னை முக்காலியில் ஏற்றி நிறுத்திவிட்டு, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு கீழே குனிந்து மடித்துக் குத்திக்கொண்டிருந்தார். நான் நின்ற நிலையில் அமெரிக்கக் கதையைப் பகிடியாகச் சொன்னேன். ஆன்ட்டி விஷயத்தைச் சொல்லவில்லை. நடையை வெட்டச் சொல்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

அக்கா ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து ஊசி குத்தும் சின்ன மெத்தையில் குத்தினார்.

"எந்த நடை?"

"எல்லா நடையும்தான் அக்கா. ஆற்றங்கரை நடையும்."

அவர் தரையிலேயே இருந்துவிட்டார். "பிள்ளை, அந்த ஆற்றங்கரை நடையை மட்டும் வெட்டிப்போடாதை. அவள் பாக்கிறதுக்குத்தானே நான் உந்த உடுப்புக்குள்ள இறங்கினனான்."

அவள் என்றால் அக்காவின் தங்கச்சி. நியூ ஜெர்சியில் இருக்கிறாள். இரண்டு பேருக்கும் சில வருஷமாகப் பேச்சில்லை. தங்கச்சியின் மகளின் கல்யாணத்தோடு வந்த சண்டை, அழைப்பு வாட்ஸப்பில் ஒரு கார்ட்டாக வந்திருக்கிறது. போன் வரவில்லை. எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வீட்டில் ஒரு நல்ல காரியம் என்றால் மூத்த அக்காவுக்குத்தான் முதலில் வாயால் சொல்லவேண்டும், "அக்கா, நீங்கள் வந்து நடத்தித் தரவேணும்" என்று ஒரு சொல். இந்த ஒரு சொல்லுக்காக வருஷக்கணக்காகக் கதைக்காத குடும்பங்களை எனக்கு வுப்பர்டாலிலேயே தெரியும்.

"கார்ட்டுக்குக் கீழ ரெண்டு பூப்படம் போட்டிருந்தாள்" என்றார் அக்கா. "பூப்படம்! நான் என்ன, அவளோட வேலை செய்யிற ஆளோ? நான் போகேல்லை. மேடையில பெரியம்மாவின்ர கதிரை வெறுமையாக் கிடந்ததாம். அண்டைக்கு என்ர நம்பரை அடைச்சவள்தான்."

"வேற நம்பரில இருந்து எடுத்திருக்கலாமே அக்கா?"

"களவா எடுக்கச் சொல்லுறியோ? நான் அவளுக்கு அக்கா."

ஆனால் தங்கச்சிக்குச் சின்ன வயதிலிருந்தே பேய்ப்படம், பூதப்படம் என்றால் உயிர். புதிதாக எது வந்தாலும் விடமாட்டாள். அண்ணை பூதப்படம் எடுக்கிறார் என்று கேள்விப்பட்டதுமே அக்காவுக்கு யோசனை வந்துவிட்டது, எங்காவது இன்டர்நெற்றில் போடுவார்கள், அவளுடைய கண்ணில் படும் என்று. இப்போது அவளுடைய வீட்டு ரிவிக்கே போகப்போகிறது.

"உடுப்புக்குள்ள நிக்கிறது நீங்கள் எண்டு அவவுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

அக்கா தன் இடது முழங்காலைத் தட்டினார். "சைக்கிளில பின்னால நான். ஓடினது அவள். மதகில கொண்டுபோய் அடிச்சாள். இந்த நடை அவள் தந்தது பிள்ளை, உலகத்தில எங்க கண்டாலும் அவளுக்குத் தெரியும்."

"அப்ப முகத்தைக் காட்டுற ஒரு வேஷத்தில நடிச்சிருக்கலாமே. மாமி வேஷத்துக்கு ஆள் இல்லாமல் அண்ணை அலைஞ்சவர்."

"முகத்தைக் காட்டினா நான் இறங்கி வந்த மாதிரிப் போயிடுமெல்லே" என்றார். "இது பூதம்தானே போகுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த அறுபது வயதுப் பிடிவாதத்தைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போலவும் இருந்தது, பிடித்து உலுக்கவேண்டும் போலவும் இருந்தது. "நான் பாக்கிறன் அக்கா" என்று சொல்லிவிட்டு, ஒரு கால் மடித்தும் மற்றக் கால் மடிக்காமலும் குண்டூசியோடு வீட்டுக்கு வந்தேன். காற்சட்டையைப் பிறகு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுமுறை வீடியோவில் கதைத்தபோது, ஒரேயொரு நடைக் காட்சியை விட்டுவைக்கலாமா என்று இளைஞரிடம் மரியாதையாகக் கேட்டேன். முடியாது, சிரிப்பார்கள் என்றார். சிரிக்கட்டுமே என்றேன். படத்தின் பயமே போய்விடும் என்றார். எனக்குக் கோபம் வந்தால் ஆங்கிலம் போய் ஜெர்மன் வந்துவிடும். வந்தது. நான் என்ன சொல்கிறேன் என்று இளைஞர் அண்ணையிடம் கேட்டார். அண்ணை ஒரு கணமும் யோசிக்காமல், "ஷீ சேஸ் ஓகே" என்றார்.

பத்திரிகையாளர் காட்சிகளை அண்ணையின் கார்க் கொட்டகையில் எடுத்தோம். இந்த ஊரில் யோகாசனம் சொல்லிக்கொடுக்கும் அமெரிக்கர் ஒருவர் நடிக்கச் சம்மதித்தார். உயரமான மனிதர், கழுத்தை நீட்டி மூச்சை உள்ளே இழுத்துத்தான் எதையும் சொல்லுவார். பழைய படத்தில் இருக்கிற மணப்பெண்ணின் தகப்பனோடு அவர் கதைப்பதுபோலக் காட்டவேண்டும். தகப்பனாக நடித்தவரோ லண்டனுக்குக் குடிபோய்விட்டார். இப்படிப்பட்ட இடத்தில் யாராவது ஒருவரின் பின்தலையைக் கமராவுக்கு முன்னால் நிறுத்தி எடுப்பது வழக்கம். அன்று எங்களிடம் இருந்த ஒரே பின்தலை அண்ணையுடையது. தகப்பனுக்கு அடர்ந்த முடி, அண்ணைக்கு ஒன்றும் இல்லை. கடைசியில் கல்யாணத் தகப்பனுக்கு ஒரு குளிர்த்தொப்பி போட்டோம். மண்டபத்துக்குள் வெறுந்தலையோடு இருக்கிற மனிதர், அமெரிக்கரைக் கண்டால் மட்டும் தொப்பி போடுவார். இன்றுவரை ஒரு அமெரிக்கரும் இதைக் கேட்கவில்லை.

பத்திரிகையாளர் என்ன சொல்லவேண்டும் என்று எழுதுகிற பொறுப்பும் என் தலையில்தான் விழுந்தது. எங்கே ஓட்டை இருக்கிறது என்று வெட்டுகிறவளுக்குத்தானே தெரியும், எழுதிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்த மனிதரை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது என்றிருந்தது. எங்கள் கல்யாணத்தின் நடுவே வந்து நின்று, "இவர்கள் ஒரு பழமையான சடங்கு செய்கிறார்கள்" என்று சொல்ல இவர் யார்? எழுதும்போதே பல்லைக் கடித்தேன்.

பிறகு கம்பனி அனுப்பிய இராணுவக் காட்சிகளை எடுத்துப் போட்டேன். மணல்வெளியில் டாங்கிகள். வுப்பர்டாலில் மணலுக்கு எங்கே போவது? நிறத்தை மங்கவைத்து, மேலே மழையைப் பெய்யவிட்டேன். எங்கள் ஊர் மாதிரியே வந்துவிட்டது. ஒரு டாங்கி சுடுகிறது, புகை. அதற்குப் பின்னால் எதை வைப்பது என்று தேடிக்கொண்டிருந்தபோது, கை தவறி அக்காவின் ஆற்றங்கரை நடை அங்கே வந்து விழுந்தது.

ஓடவிட்டுப் பார்த்தேன். நாற்காலியில் நிமிர்ந்து இருந்தேன். சுடுகிறார்கள், புகை, புகைக்குள்ளிருந்து பூதம் முழங்காலை இழுத்துக்கொண்டு வருகிறது. சிரிப்பே வரவில்லை. அடி வாங்கின உயிர் ஒன்று, நிற்காமல் நடக்கிறது. அதே நடை, அதே வால், ஒரு துளியும் மாற்றவில்லை. முன்னால் ஒரு வெடிச் சத்தத்தை வைத்ததும் ஆன்ட்டி காணாமல் போய்விட்டாள்.

உடனே அண்ணைக்குப் போன் அடித்து, யோகாசனக்காரரைத் திரும்பக் கூப்பிடுங்கோ என்றேன். அவருக்கு ஒரு சிறிய துண்டு எழுதினேன். மனிதர் மழையில் நின்று, கழுத்தை நீட்டி, மூச்சை இழுத்துச் சொன்னார்: "அதற்கு முழங்காலில் பட்டுவிட்டது. ஆனாலும் நிற்கவில்லை. அது யாரையோ தேடிப் போகிறது." நான் எழுதியதிலேயே இதை மட்டும் அவர் அழகாகச் சொன்னார். அன்றைக்கு அவருக்கு இரண்டாவது தேத்தண்ணியும், கட்டிக்கொண்டு போகப் பற்றீசுப் பலகாரமும் கொடுத்தேன்.

இளைஞர் பார்த்துவிட்டுத் துள்ளினார். பூதம் சாகவில்லை, காயத்தோடு போகிறது, அப்படியென்றால் இரண்டாம் பாகம் எடுக்கலாம்! இதை இன்னும் நீட்ட முடியுமா, நடை இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறதாவது! எங்கள் தமிழ்ப் படத்தில் இடமில்லை என்று நான் ஒதுக்கிவைத்த நடையையெல்லாம் அள்ளிக் கொட்டினேன். அமெரிக்கப் படத்தில் அக்கா நடந்து நடந்து நடந்து போகிறார்.

கடைக்குப் போய்ச் சொன்னேன். அக்கா தையல் மெஷினை நிறுத்தினார். "என்ர காலில சுட்டுப்போட்டாங்களோ? கோதாரியில போவாங்கள்! ஊரில விழுந்த சூடெல்லாம் தப்பி வந்து, கடைசியில அமெரிக்காக்காரன்ர படத்தில சூடு வாங்கவேண்டிக் கிடக்கு." திட்டிக்கொண்டே என் காற்சட்டையை எடுத்துத் தந்தார். இரண்டு காலும் ஒரே அளவில் மிக வடிவாக மடித்துத் தைத்திருந்தார்.

படம் வெளியானது. அதை நாங்கள் பார்க்க முடியவில்லை என்பதுதான் வேடிக்கை. ஜெர்மனியில் இருந்து திறந்தால், உங்கள் நாட்டில் இது கிடைக்காது என்று வந்தது. "என்ர படம், எனக்கே கிடைக்காதாம்!" என்று அண்ணை பேருந்தில் ஏறுகிற எல்லோரிடமும் சொன்னார். படத்தின் பெயரை மாற்றியிருந்தார்கள். எங்கள் பெயர்களையும் அமெரிக்க வாய்க்கு ஏற்றமாதிரிச் சுருக்கிப் போட்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. பூத உடுப்புக்குள் இருந்தவருக்குப் பெயரே இல்லை. ஆகவே தங்கச்சிக்குத் தெரியவருவதற்கு அந்த நடையைத் தவிர வேறு வழி இல்லை.

அக்கா ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் முன்பு கடையின் மூலையில் எங்கோ கிடக்கும் போன் இப்போது மெஷினுக்குப் பக்கத்தில், பொத்தான் டப்பாவில் சாய்ந்தபடி நின்றது. ஒரு ஞாயிறு பூசையில், எல்லோரும் முழந்தாளில் நிற்கிற நேரத்தில், அக்காவின் கைப்பைக்குள் அது அலறியதாம். அக்கா பாய்ந்து வெளியே ஓடியிருக்கிறார். தன் ஜாக்கெட்டின் ஜிப் தைத்தாகிவிட்டதா என்று ஒரு ஜெர்மன் கிழவர் கேட்டிருக்கிறார். "அந்தாளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஜிப்" என்று சொல்லிச் சிரித்தார். நியூ ஜெர்சிக்காரி இந்த ஒரு படத்தை மட்டும் பார்க்காமல் விட்டால் என்ன செய்வது? பார்த்தும் மனம் இரங்காவிட்டால்?

இலைகள் உதிரத் தொடங்கிய காலத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அக்கா என்னைக் கூப்பிட்டிருந்தார். குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அக்காவின் கையெல்லாம் மிளகாய்த்தூள். "ஜிப்காரனாத்தான் இருக்கும், நீ எடு பிள்ளை" என்றார். நான் எடுத்துப் பார்த்தேன். திரையில் ஒரு பெயர். நம்பரை அடைத்தது தங்கச்சிதான், அக்கா அவளுடைய பெயரை அழிக்காமல் வைத்திருந்திருக்கிறார். நான் ஸ்பீக்கர் பொத்தானை அமத்தி, போனை அவருக்கு முன்னால் பிடித்தேன்.

அக்கா பெயரைப் பார்த்தார். கையைச் சேலையில் துடைத்தார். "ஹலோ" என்றார்.

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், கோபமான குரல்.

"அந்தப் பூதம் இன்னும் முழங்காலுக்கு ஒபரேஷன் செய்யேல்லையோ?"

அக்கா மெல்லக் கதிரையில் இருந்தார். "இல்லை" என்றார்.

"ஏன்?"

"செய்தா ஆர் வந்து பாக்கிறது?"

அந்தப் பக்கத்துக் குரல் இன்னும் கோபமாக எழும்பியது.

"படத்தில நடிச்சிருக்கிறியள். அமெரிக்கா முழுக்கப் பாக்குது. ராத்திரி என்ர மருமோன் போட்டுவிட்டுத்தான் நானே கண்டனான். ஒரு கூடப்பிறந்த தங்கச்சி எண்டு எனக்கு ஒரு சொல் சொன்னியளோ அக்கா? முறையா ஒரு போன் எடுத்துச் சொன்னியளோ?"

நான் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தேன். அக்கா சிரிக்கவில்லை. இடது முழங்காலை ஒரு கையால் தடவிக்கொண்டிருந்தார்.

"போன்தான் போகேல்லையேடி" என்றார். "அதுதான் நடந்து வந்தனான்."

அந்தப் பக்கம் தங்கச்சி விம்மி விம்மி அழுவது கேட்டது. நான் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.